அகர வரிசையில் தொலைந்தவர்

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில், பறித்த காப்பிப் பழத்தின் எடையை நாள், தோட்டப் பிளாக், ஆள் என்று பல பரிமாணத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. ஆட்களின் பெயர்களை அகர வரிசைக்கு மாற்றிய மறுநாள், பழம் பறிக்கும் முதியவர் ஒருவர் அன்றன்றைய எடைப் பட்டியலைக் காட்டும் ஆபீஸ் திரை முன்னால் நின்று, "என்னையக் காணமுங்க" என்றார்.

"எல்லார் பேரும் இருக்குதுங்க, படிச்சுப் பாருங்க" என்று சிடுசிடுத்தேன்.

"நம்பருதானுங்க தெரியும்." சட்டைக் கையைச் சுருட்டி, பச்சை குத்தியிருந்த மனைவியின் பெயரைக் காட்டினார். "இந்த எழுத்தத் தேடுவனுங்க. அதுக்குக் கீழ நானு."

கணவன் மனைவியை அடுத்தடுத்து வைத்திருந்த பழைய வரிசையையே திரும்பக் கொடுத்தேன். கையைத் திரையோடு ஒட்டி எழுத்தை ஒப்பிட்டவர், தன் எடைக்கு இறங்கவேயில்லை.

"இன்னைக்கும் அவளுதுதானுங்க நொம்ப" என்று சிரித்தார்.