ஜாஸ்லின் கணக்கில் சேர்த்த குழி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பூர்விக வீட்டின் மேற்குச் சுவர் சென்ற ஐப்பசி மழையில் சரிந்தது. அந்தப் பக்கத்தை மாடியோடு திரும்பக் கட்டித் தருவதாக முன்பணம் வாங்கியவர், அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியதோடு மறைந்துவிட்டார். ஒப்பந்தமும் ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன, வழக்கும் நடக்கிறது. மிஞ்சிய பணத்தில் வீடு எழாவிட்டால், கொல்லைப்புறத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பது என்று முடிவு செய்திருந்தோம். அக்கா பூரணியின் தையல் கொட்டகை அங்கேதான் இருக்கிறது.

ஜாஸ்லின் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பாத்திரக்கடை மாடியில் அமர்ந்து கட்டட மதிப்பீடு எழுதுபவர். “அந்தம்மா கணக்குக் கசக்கும்” என்று பலரும் எச்சரித்தும் அவரையே அழைத்தேன்.

வந்தவர் அளவு டேப்பை எடுக்கவில்லை. அக்காவின் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

“காலையில எந்திரிச்சதுல இருந்து எங்கெங்க நிப்பீங்களோ, அங்கல்லாம் கோடு போடுங்கக்கா.”

“வீடு கட்டக் கூப்பிட்டா கோலம் போடச் சொல்றியேம்மா!”

கோடுகள் அடுப்படியிலும் கூடத்திலும் கொட்டகை வழியிலும் விழுந்தன. மாடிப்படிக்கென்று நான் ஒதுக்கியிருந்த மூலையில் ஒன்றுகூட விழவில்லை.

“மாடி ரூம்ல யாரு சார் இருக்கப் போறா?”

தெருவில் எல்லா வீட்டுக்கும் மாடி இருக்கிறது என்பதால் நான் வரைந்தது அது.

காபி குடிக்கும்போது அவர் தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். தொட்டியத்தில் வாழை வருமானத்தை நம்பி அவருடைய அப்பா வீடு தொடங்கினார். மதிப்பீடு எழுதியவர், அப்பாவின் முகம் வாடக் கூடாதென்று குறைத்து எழுதினார். பாதியில் பணம் தீர்ந்து, சுவர்கள் ஜன்னல் உயரத்தோடு நின்றன. குடும்பம் வாடகை வீட்டில் இருக்க, அந்தச் சுவர்களுக்குள் வாழைத்தார் அடுக்கினார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவை ஜாஸ்லின் கேட்டு வாங்கியது அதன் பிறகுதான்.

“திட்டு வாங்கினாலும் பரவால்ல சார், முழுசாத்தான் எழுதுவேன்.”

அடுத்த வாரம் மதிப்பீடு வந்தது. மாடி இல்லை. பழைய தேக்குக் கதவும் ஜன்னல்களும் புதுச் சுவரில் திரும்பப் பொருந்தின. அஸ்திவாரம் தோண்டும் கூலிக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது.

“இது விட்டுப்போச்சே” என்றேன்.

“ஓடிப்போனவரு தோண்டுன குழிதான் இருக்கே சார். ஆழம் பாத்துட்டேன், சரியா இருக்கு. காச வாங்கிட்டு அந்த ஒரு வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்காரு.”

பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் அந்தக் குழியைப் பார்த்துச் சிரித்தேன். இருந்தும், தொகை எங்கள் கையிருப்பைச் சற்றுத் தாண்டியது. வெளிப்பூச்சை அடுத்த தைக்குத் தள்ளினால் கையிருப்புக்குள் அடங்கும், குடியிருக்கத் தடையில்லை என்று ஜாஸ்லின் தாளின் அடியில் எழுதிக் கையெழுத்திட்டார். கேட்பதற்கு முன்பே எனக்கு ஒரு நகலும் தந்தார்.

அக்கா மதில் ஓரம் போய் நின்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தாள்:

“அண்ணே, கொல்லை விக்கறதா இல்ல! அண்ணிக்கு ரவிக்கை தைக்கணும்னா மட்டும் அனுப்புங்க!”