ஓதப்போன பிள்ளைக்குக் கொத்தமல்லி ஆகாது

கொத்தமல்லித் தழையை அம்மியில் வைத்துக் குழவியால் முதல் இழுப்பு இழுத்ததுமே ஒரு பச்சை வாசனை எழும்பி, சமையலறையைத் தாண்டி, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் வரைக்கும் வந்து பசியைக் கிளப்பும். சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டில் அந்த வாசனை திடீரென்று ஒரு நாள் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான். குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்ய, எங்கள் வீட்டுப் பேச்சில் "ஹிப்ளு ஓத", என்னைச் சேலத்து மதரஸா ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்த வருடம் அது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. நானும் கைக்குழந்தையாக இருக்கையில் காய்ச்சல் கண்டு கண் செருகியபோது, "இவனப் பொழைக்க வெச்சா உன் வேதத்தையே ஓதக் குடுத்தர்றேன் ஆண்டவனே" என்று அம்மா நேர்ந்துகொண்டாளாம். நேர்ந்தவள் அம்மா, நிறைவேற்ற அவசரப்பட்டவர் என் தகப்பனாரான அத்தா. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கென்று குர்ஆனை மனப்பாடமாக ஓதும் ஹாபிஸ் ஒருவர் சொந்தமாகக் கிடையாது. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில் குர்ஆனை முழுவதும் ஓத, வருடாவருடம் வாணியம்பாடிப் பக்கமிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். இந்தக் குறை அத்தாவின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. "நம்மூட்டுப் பையன் நின்னு ஓதோணும், ஊரே பின்னால நிக்கோணும்" என்று ஜவுளிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

சேர்க்கும் நாளில் அம்மாவும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூட வந்தாள். மதரஸாவின் தலைமை ஆசிரியரான பெரிய அஸரத் ஒரு வரியை ஓதிக் காட்டி என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதைவிட நீளமான ஒன்றை ஓதினார். அதையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அத்தா கொண்டுவந்திருந்த சர்க்கரையைப் பிள்ளைகளுக்குப் பங்கிடச் சொன்னார். பிறகு ஞாபகசக்திக்கான பத்தியத்தை ஆரம்பித்தார். காலையில் வெறும் வயிற்றில் உலர்ந்த திராட்சை தின்ன வேண்டும். எலி கடித்ததைத் தின்னக் கூடாது. கல்லறைமேல் கபுறுக் கல்லில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. முக்கியமாகப் பச்சைக் கொத்தமல்லி கூடவே கூடாது, மறதி வந்துவிடும். எந்தக் கிதாபில் படித்தாரோ, கேட்க யாருக்குத் துணிச்சல்? அத்தா கோர்ட்டுத் தீர்ப்பைக் கேட்கிறவர் போலக் கைகட்டி நின்று கேட்டார். கதவுக்குப் பின்னால் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓதுகிறவன் சேலத்தில் இருக்க, கொத்தமல்லி சேந்தமங்கலத்தில் நின்றது. பிள்ளைக்கு ஆகாதது வீட்டுக்கே ஆகாது என்று அத்தா சொல்லிவிட்டார். கிணற்றோரத்தில் தழை போட்டு விற்கிற பாவாயி அக்காவுக்கு இது பெரிய மனத்தாங்கல். "ஏனுங்க ராவுத்தரம்மா, எந்தழை என்னங்க பாவம் பண்ணுச்சு? பையன் படிக்கறது சேலத்துல, ரசங் குடிக்கறது நீங்க!" என்று வாசலில் நின்று நியாயம் கேட்டாளாம்.

மதரஸாவில் விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். கைகால் முகம் கழுவி ஒளு செய்து, சம்மணமிட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஓதுவோம். புதுப்பாடத்தை ஒப்பித்து, நேற்றையதையும் ஒப்பித்து, பழைய பாடத்தையும் விடாமல் காப்பாற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் எனக்குப் பாடம் சட்டென்று ஏறியது. அம்மா நினைப்பு வரும் நேரங்களில் மட்டும் இன்னும் உரக்க ஓதுவேன். அந்தக் கூச்சலில் யார் அழுதாலும் தெரியாது.

மாதக் கடைசி வியாழக்கிழமை அத்தா வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவார். முதல் தடவை போனபோது, என்னை வாசலில் விட்டுவிட்டு அவர் கடைக்குப் போனதும், அம்மா சுடுசோற்றில் பச்சைத் துவையலை வைத்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தாள். "இது ஆகாதில்லம்மா?" என்றேன். "இது பொதினா கண்ணு, தின்னு" என்றாள். பொதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத வயதல்ல எனக்கு. ஆனால் மதரஸாவின் பருப்புக் குழம்பைத் தின்று நாக்கு செத்துப்போயிருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அதே துவையல்தான். அத்தா மூக்குப்பொடி போடுகிறவர். அவர் திரும்பி வரும்போது அம்மி கழுவியிருக்கும். மிச்ச வாசனையைக் கண்டுபிடிக்க அந்த மூக்கால் ஆகாது.

விபரீதம் என்னவென்றால், வீட்டுக்குப் போய்த் திரும்பிய மறுநாளெல்லாம் எனக்குப் பாடம் தடுமாறியது. ஒரு ஆயத்தை ஆரம்பித்து இன்னொரு வசனத்தில் போய் முடிப்பேன். அஸரத் அத்தாவைக் கூப்பிட்டு, "ஊருக்குப் போனாப் பாதியைக் கொட்டிட்டு வர்றான். வீட்ல கொத்தமல்லி சேர்க்கறீங்களா?" என்று கேட்டார். அத்தா ஆண்டவன்மேல் ஆணையிட்டு இல்லை என்றார். "மனனம் பண்ணிட்டு மறக்கறது பெரிய பாவம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டோட வெச்சுக்குங்க" என்று அஸரத் முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தாவின் முகம் கறுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அம்மாவிடம் போக எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த முகத்தோடு அவர் கடையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதமும் வீட்டுக்குப் போனேன், துவையலும் தின்றேன். திரும்பும்போது கரி பஸ் வழக்கம்போலப் புதுச்சத்திரத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டது. கண்டக்டர் பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறி, அதை ஊதுகிற சக்கரத்தைக் கையால் சுற்ற, பிரயாணிகள் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நான் பழைய பாடம் முழுவதையும் முதலிலிருந்து ஓத ஆரம்பித்தேன். மேட்டுக்கு மேடு பஸ் நின்றது, நின்ற இடத்திலெல்லாம் ஓதினேன். தள்ளச் சொன்னபோது தள்ளிக்கொண்டே ஓதினேன். மறுநாள் அஸரத்திடம் ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தேன். சேதி கேட்டதும் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாளாம். அத்தா அதை ஆனந்தக் கண்ணீர் என்று ஊரெல்லாம் சொன்னார்.

மீசை அரும்பிய வயதில், அத்தா ஆசைப்பட்டபடியே எங்கள் பள்ளிவாசலில் முன்னால் நின்று தராவீஹ் தொழவைத்தேன். தப்பு வந்தால் எடுத்துக் கொடுக்க, அந்த வாணியம்பாடி ஹாபிஸே எனக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்றார். பள்ளிவாசலை ஒட்டிய வீட்டில் அம்மாவும் மற்றப் பெண்களும் கூடியிருந்தார்கள். ரமலான் பாதி கடந்த ஓரிரவு, ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தவன் ஓரிடத்தில் வழி தவறி வேறொரு அத்தியாயத்துக்குள் நுழைந்துவிட்டேன். பின்னாலிருந்து சரியான வார்த்தை வந்தது. பிடித்துக்கொண்டு மேலே போனேன். ஹாபிஸ்களுக்கு இது சகஜம். ஒரே மாதிரி வாசகங்கள் இரண்டு மூன்று இடங்களில் வரும், ஒரு சொல்லில் பாதை பிரியும்.

பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நீ தவறுனதுக்கு நாந்தாங் காரணங் கண்ணு. நேந்துக்கிட்ட வாயால உன்னத் திருப்பிக் கேக்க முடியுமா? உனக்கு மறந்துபோச்சுன்னா அஸரத்தே அனுப்பிப்போடுவாரு, எம்மேலயும் குத்தமில்லைன்னு நெனச்சேன். பாவாயிகிட்டச் சொல்லிவெச்சு நீ வாரப்பல்லாம் தழை வாங்கி அரைச்சுப் போட்டேன். அது இன்னும் உன் ஒடம்புல நிக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் கொத்தமல்லியைக் கையால் தொடவில்லை.

சில வருடங்கள் கழித்து, அரபி படித்து அர்த்தம் தெரிந்த பிறகுதான், நான் வழி தவறிய இடம் எதுவென்று எனக்கே விளங்கியது. குழந்தை மூஸாவை ஆற்றில் விட்ட தாயிடமே அந்தக் குழந்தை திரும்ப வந்து சேர்கிற இடம் அது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். முறத்தை நிறுத்தி யோசித்தாள். "அந்தம்மாளுக்கு அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டான். என்னைய எத்தன வருசம் காக்க வெச்சான்!" என்று சிரித்துவிட்டு மறுபடி புடைத்தாள்.

இன்று சேந்தமங்கலத்தில் கரி பஸ்ஸும் இல்லை, பாவாயியின் கிணற்றடியும் இல்லை. அங்கே வீடுகள் வந்துவிட்டன. காய்கறிக் கடையில் கொத்தமல்லியை இனாமாகப் பையில் திணிக்கிறார்கள், ஓதுகிற பிள்ளைகளும் தாராளமாகத் தின்கிறார்கள். அம்மா போய் வெகுகாலமாகிறது. நான் இன்றைக்கும் ரமலானில் நின்று ஓதுகிறேன். மூஸா தாயிடம் திரும்புகிற அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்துவேன். கிழவனுக்கு மறந்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் நிற்கும் ஹாபிஸ் எடுத்துக் கொடுக்கத் தொண்டையைக் கனைப்பார். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.