ஷாக் அடிக்கும் பிரிட்ஜ்

பிரிட்ஜைத் திறந்த கையில் சுரீரென்று ஷாக் அடித்தது. வந்து பார்த்த மெக்கானிக், "சரி பண்ணவா, இல்ல புதுசு வாங்கிக்கிறீகளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன வயதில், ஊரில், கோம்பையில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜும் இப்படித்தான் அடிக்கும். அம்மா மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு திறப்பார். ராத்திரி அந்தச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார். உள்ளே பால்கோவா பத்திரமாக இருக்கும். வெளியே அப்பா பெருமூச்சு விடுவார்.

"இதைச் சரி பண்ணக் கூடாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலே, பேசாம இரு. ஒங்கப்பாவுக்குச் சுகரு இருக்குல்ல?"

என் வாய் சும்மா இருந்ததா? மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொன்னேன். என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் சுகர் என்று டாக்டர் சொன்னது போன மாதம்தான்.

"இப்பத்திக்கு ஒண்ணும் செய்ய வேணாம்ண்ணே, போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, வாசலில் கிடந்த தன் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.