இன்னாசியின் கல்லறையில் குழந்தைசாமிக்குப் படையல்

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். ஆலங்குடிக்குப் பக்கத்து ஊரின் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கும் மெழுகுவர்த்தி, சாமந்திப்பூ. சுவரோரக் கல்லறை ஒன்றில் மட்டும் வாழையிலை விரித்து, சோறும் வறுத்த மீனும் படைத்திருந்தது. சிலுவையில் 'இன்னாசி, 1971' என்று எழுதியிருந்தது. அந்த இன்னாசி பக்கத்தில் நின்று, காற்றில் சுடர் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

வயது எழுபத்தைந்து. அந்த வருடப் பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லையில் பிடிபட்ட சிப்பாய். 'காணவில்லை' என்று வந்த தந்தியை அப்பா சாவுச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார். பூசை வைத்து, மகன் விட்டுப்போன சட்டையைப் பெட்டியில் போட்டுப் புதைத்து, சிலுவையும் நட்டுவிட்டார்.

மகன் உயிரோடிருந்தார். கைதி முகாமில் ரெண்டு பேருக்கு ஒரு கம்பளி. இன்னாசியோடு படுத்தவர் கட்டுமாவடி குழந்தைசாமி. காலில் குண்டடி, புண் புரையோடியது. குளிர் விடுவதற்குள் இறந்துபோனார். முகாம் சுவருக்கு வெளியே குழி தோண்டியவர்களில் இன்னாசியும் ஒருவர்.

விடுதலையாகி ஊர் திரும்பிய வாரமே கட்டுமாவடிக்குப் போனார். குழந்தைசாமியின் மனைவி செவந்தி பொட்டும் பூவுமாக இருந்தார். அந்த வீட்டுக்கும் அதே தந்திதான். "செத்துட்டாருன்னு அதுல போடலையே" என்று காத்திருந்தவர். இன்னாசி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்கண்ணே வச்சீங்க? நான் போய்ப் பாக்கணும்."

போக முடியாத நாடு.

வீட்டுக்கு வந்தால் அப்பா கடப்பாரையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். "உசுரோட இருக்கவனுக்குக் கல்லறை ஆகாதுடா."

"விடுங்கப்பா. அதுக்கு ஆள் இருக்கு."

அந்த நவம்பரிலிருந்து செவந்தி பஸ் ஏறி வருகிறார். முதல் வருடம் சிலுவையடியில் மீன் படைத்தபோது ஊரே முணுமுணுத்தது. கோயில் உபதேசியார் மட்டும், "மீன்தானே, ஆண்டவருக்கே பிடிச்சது" என்று நகர்ந்துவிட்டார்.

இந்த வருடம் தோட்டம் நிறைந்துபோயிற்று. காலியாகக் கிடக்கும் கல்லறையைத் தோண்டி அடுத்து இறப்பவருக்குக் கொடுப்பதென்று கோயிலின் பங்குப் பேரவை முடிவெடுத்தது. செவந்திக்கு இலையில் படைத்து முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கையிலிருந்த காலித் தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப அடுத்த வருசம் எங்கிட்டு வாரது?"

"இங்கதான். என் பேரு போட்டது, நான்தான் படுப்பேன், வேற யாரும் தொடக்கூடாதுன்னு சண்டை போட்டேன். சரின்னுட்டாங்க."

செவந்தி சிலுவையைப் பார்த்தார். "நீங்க படுத்துட்டா அவரு எங்கிட்டு போவாரு?"

"ஒரே கம்பளியில படுத்தவங்கதானே தங்கச்சி. எடம் பத்தும்."

"தூக்கத்துல காலைத் தூக்கி மேல போடுவாரேண்ணே." செவந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கயும் போட்டாரு" என்று இன்னாசியும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புண்ணு முத்துனப்புறந்தான் போடல."

செவந்தி இலையின் முன்னால் உட்கார்ந்து, படைத்திருந்த மீனை எடுத்துக் குழந்தைசாமிக்காக முள் நீக்க ஆரம்பித்தார்.