துர்கா பிடித்த முதல் கழி

பிள்ளையார்பாளையத்தில் துர்காவின் வேலை தெருவில் பாவு போடுவது. விடிந்ததும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்து, ஆறு பேர் கழிகளில் தாங்கிப் பிடித்துக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். முதல் கழி இருபது வருடமாகத் துர்காவுடையது. வண்டி வந்தால் அவள் சுவரோரம் நகர்வாள். அவளைப் பார்த்து மற்ற ஐவரும் நகர்வார்கள்.

தெருக்கோடியில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும் முதல் மனு எழுதியவளும் அவள்தான். நாளெல்லாம் கார்கள் வந்துபோனால் பாவை எங்கே போடுவது? கட்டுகிறவர்களோ தெரு காலியாகக் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாவைச் சுருட்டிய பிறகு பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் வேறெப்படி இருக்கும்?

"காலைல ஏழு மணிக்கு வந்து பாருங்க சார்" என்று மனுவை விசாரிக்க வந்த அதிகாரியிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள். தன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "ஜீப்பு வந்தா யாரும் நகரக் கூடாதும்மா. அப்படியே நின்னுக்கினு இருக்கணும். அவரு இறங்கி நடந்து வரட்டும்."

மறுநாள் ஏழு மணிக்குப் பாவு தெருவை அடைத்திருந்தது. ஜீப் முனை திரும்பியது. யாரும் நகரவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

தான் செய்தது துர்காவுக்கு உறைத்தபோது அவள் கழியோடு சுவரோரம் நின்றிருந்தாள். பின்னாலேயே ஐந்து பேரும் ஒதுங்கியிருந்தார்கள். ஓர் இழைகூட அறவில்லை.

ஜீப் மெல்ல அவளைக் கடந்தது. அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார்.

"தாராளமா இடம் இருக்குதேம்மா."