நீலக் கொப்பியில் இருந்த பெயர்கள்

மகாதேவி டீச்சர் எங்கள் தோட்டப் பாடசாலைக்கு வந்தது 2005இல். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாடசாலைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தங்கினார். பொலிஸில் பதிந்ததற்கான துண்டுச் சீட்டைத் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் கைப்பையில் வைத்திருப்பார். லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த ஆட்கள் அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் கிட்டே வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள்.

நான் அங்கே சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழிலும், பிறகு தெரணியகலையில் சிங்களத்திலும் படித்தவள்.

கொழும்புக்குப் போகும்போதெல்லாம் டீச்சர் பழைய புத்தகக் கடைகளில் துப்பறியும் கதைகள் வாங்கி வருவார். நூறு வருடத்துக்கு முந்திய கதைகளின் தமிழாக்கங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக.

"நான் கேள்வி கேக்கமாட்டன், சோதினையும் இல்லை. நீங்களா வாசியுங்கோ" என்பார்.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் ஒவ்வொரு பிள்ளையாகத் தன் அறைக்குக் கூப்பிடுவார். பத்திரிகைத் தாளில் சுற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுப்பார். "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, என்ன?" என்பார். சொல்லக் கூடாதது கதையின் முடிவை. அட்டைப் படத்திலேயே கொலைகாரன் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அந்தத் தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் 2007 ஒக்டோபரில், அவருடைய மேசையைத் துடைக்கும்போது, திறந்து கிடந்த நீலக் கொப்பியைப் பார்த்துவிட்டேன்.

'தனுஷன், 14, ஆறாம் லயம். துப்பாக்கி, கொடுக்கலாம்.'

'சசி, 13, இரண்டாம் லயம். கத்தி வேண்டாம். ஒரு வருடம் போகட்டும்.'

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். வடக்கில் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வானொலி தினமும் சொன்னது. புத்தகங்கள் வெறும் மறைப்போ? டீச்சருடைய அலுமாரியிலிருந்த கதைகளில் பாதியை நானும் வாசித்திருந்தேன். அவற்றில் யாரும் சந்தேகப்படாத ஆள்தான் எப்போதும் குற்றவாளி.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் இறப்பர் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சரியா பாத்தியா, விஜயகலா? படிச்ச புள்ள நீ."

"பாத்தேம்ப்பா. வயசு, லயம் நம்பரு எல்லாம் எழுதியிருக்கு."

"நம்ம புள்ளைங்க பேரா?" அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "சங்கத் தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன். வேலுசாமி மக சொன்னானு சொல்லமாட்டேன், பயப்படாத."

தலைவர் தோட்டத்து மேலாளரான தொரையிடம் சொன்னார். மூன்றாம் நாள் பொலிஸ் ஜீப் தோட்ட ஆபிசுக்கு வந்தது.

டீச்சரை வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் கைப்பை. மேசையில் நீலக் கொப்பி. சார்ஜன்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"நங்கி, கியவன்ன" என்று கொப்பியைத் தள்ளினார், வாசி தங்கச்சி என்று.

தனுஷனின் வரியைச் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். சசியின் வரியைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் டீச்சரைப் பார்த்துவிட்டு, ஜீப்பைத் திருப்பி நிறுத்தப் போனான். அந்த நாட்களில் ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. டீச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது.

அடுத்த வரி: 'சுதர்ஷினி, 13, நாலாம் லயம். விஷம் வருகிற கதை வேண்டாம். ஒருபோதும்.'

விரலை அந்த வரியில் வைத்தபடி நிறுத்திவிட்டேன்.

"மொகத?" என்றார் சார்ஜன்ட், என்ன என்று.

சுதர்ஷினியின் அம்மா ஜெயம்மா போன வருடம்தான் புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள். வாக்குமூலம் எடுக்க வந்தவர் இதே சார்ஜன்ட். அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல, இதே மேசையில் மொழிபெயர்த்தவள் நான். சசியின் அண்ணனைத் தீபாவளியன்று ஒருவன் கத்தியால் வெட்டியதும் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் நான் அந்தப் பக்கத்தை வேறு மாதிரி வாசித்திருந்தேன்.

வரியைச் சொல்லி முடித்தேன். சார்ஜன்ட் பேனாவை நிறுத்தினார்.

"ஜெயம்மாவின் மகளா?"

"ஆமாம். இது புத்தகம் கொடுக்கிற கணக்கு, சேர். எந்தப் பிள்ளை எதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறார்."

"உனக்கு முன்பே தெரியுமா?"

"இப்போதுதான் தெரிந்தது."

அலுமாரிப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தாளைப் பிரித்துப் பார்த்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. பிறகு, இன்னும் நம்பாதவர் போல, தன் மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று கேள் என்றார். கேட்டேன்.

"பிள்ளை எதுக்குப் பயப்பிடுவா எண்டு கேளும்" என்றார் டீச்சர்.

சார்ஜன்ட் யோசித்தார். 2003 வெள்ளம் வீட்டுக்குள் வந்ததிலிருந்து மகள் ஆற்றுப் பக்கமே போவதில்லை என்றார். பிறகு கொப்பியை மூடி, டீச்சரிடமே கொடுத்துவிட்டார். ஜீப் வெறுமையாகப் போனது.

அடுத்த மாதம் டீச்சர் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் புத்தகம் கொண்டுவந்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசிச்சுப் பார், பிள்ளை. தண்ணி வந்தால் கொப்பியில குறிச்சு வை."

வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒருவன் ஆற்றில் மூழ்குகிறான். 'சார்ஜன்டின் மகள், 12. இது வேண்டாம்' என்று எழுதக் கொப்பியைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் புது மையில் ஒரு வரி இருந்தது.

'விஜயகலா, 21. காட்டிக்கொடுப்பவர் வருகிற கதை வேண்டாம்.'

2009இல் இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை அவர் என்னிடம் அதைப் பற்றி எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புதன்கிழமைகளில் எனக்கும் ஒரு புத்தகம் தாளில் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தது. காட்டிக்கொடுக்கிற ஆள் எந்தக் கதையிலும் வரவில்லை.