நான் அடிக்கச் சொன்ன நூற்று இருபத்தேழு

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் கணக்குப் போடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி இருந்தது. அதையும் நான் கெடுத்துக்கொண்டேன்.

ஒரு கோணம் முப்பது பாகை, அதற்கு எதிர்ப்பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் எட்டு. எட்டுக்கு எதிரே உள்ள கோணம் எவ்வளவு? சைன் விதியில் போட்டால் அதன் சைன் 0.8. மகள் ஐம்பத்து மூன்று என்று எழுதி, கீழே நூற்று இருபத்தேழு என்றும் எழுதினாள்.

"என்னட்டி, ரெண்டு பதில் எழுதுதே? ஒண்ணாவது சரியா இருக்கட்டும்னா? கீழே உள்ளதை அடி."

நூற்று இருபத்தேழை அடித்தாள். கோச்சிங் வகுப்புத் தேர்விலும் அதே கணக்கு வந்தது. ஒரே விடை எழுதினாள். பாதி மதிப்பெண்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு காலத்தில் கணக்கில் தொண்ணூறு வாங்கியவள். வேண்டாமென்று மகள் கெஞ்சக் கெஞ்ச, அவளையும் இழுத்துக்கொண்டு தாராவியிலிருந்து செம்பூருக்குப் பஸ் ஏறி, கோச்சிங் மாஸ்டரிடம் நியாயம் கேட்டேன். வழியெல்லாம் இந்தியில் மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன்.

"பைட்டியே மேடம்" என்று உட்காரச் சொல்லி முதல் பெஞ்சைக் காட்டினார். பலகையில் முப்பது பாகைக் கோணம் வரைந்து, அதன் மேல்கோட்டில் எட்டு அளந்தார். அந்த முனையில் காம்பஸை ஊன்றி, ஐந்து அளவுக்கு விரித்துச் சுழற்றினார். வில் அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டியது. இரண்டு முக்கோணம். ஒன்றில் ஐம்பத்து மூன்று, மற்றதில் நூற்று இருபத்தேழு.

மூன்று வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "தேங்க்யூ சார்" என்றேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ் சயான் நிறுத்தத்தில் நின்றது. "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றாள் மகள்.

"தெரிஞ்சா ஏம்ட்டி அடிச்சே?"

"நீதான சொன்னே."

அவள் திட்டியிருக்கலாம். அந்த இரண்டு சொல் இன்னும் என்னை உலுக்குகிறது.

சாயங்காலம் அவள் நோட்டைத் திறந்தபோது நான் அடுப்படியிலேயே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வா."

"நான் எதுக்கு?"

"அரே, சும்மா வந்து உக்காரு. வாயை மட்டும் தொறக்காத."

பூண்டுத் தட்டோடு போய் உட்கார்ந்தேன். அடுத்த கணக்கும் சைன் விதிதான். அவள் ஒரே ஒரு விடை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

இன்னொன்று எங்கே என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு பூண்டை எடுத்தேன்.